கஞ்சிமனையின் நடுச்சுவர்

ஒரு பெரும் பஞ்சத்தில் பிறந்தது அந்தப் பண்ணை. போக்கிடம் இல்லாதவர்கள் உழைத்துச் சாப்பிடட்டும் என்று ஒரு ஜமீன்தார் தன் உடைமுள் காட்டை எழுதிவைத்தார். வந்தவர்கள் முள் வெட்டினார்கள். கிணறு தோண்டினார்கள். கரிசலில் கம்பும் உளுந்தும் விளைந்தன. இறந்தவர்களை ஓடைக்கரையில் புதைத்தார்கள். ஊர் அந்த இடத்தைக் கஞ்சிமனை என்றது.

ஜமீன்தார் ஒரு விதியும் வைத்திருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கணவன் மனைவியானாலும் அப்படித்தான். சேர்த்து வைத்தால் குடும்பம் பெருகும், பஞ்சத்துக்கு வந்தவர்கள் பரம்பரைக்கும் தங்கிவிடுவார்கள் என்று அவர் எண்ணினார். நீண்ட கொட்டகையின் நடுவே, கூரைக்கு ஒரு முழம் கீழே வரை கல்சுவர் எழும்பியது.

ஜமீன் போயிற்று. சுவர் நின்றது. பண்ணை ஒரு சிறு மடத்தின் பொறுப்பில் வந்தது. பண்ணையை நடத்திவந்தவர் ஆவுடையப்பன். மடத்துக்குப் புதிதாகத் தலைமையேற்ற உமையாள் அம்மை பண்ணையிலேயே வந்து தங்கியபோது, அவர் அம்மையிடம் தீட்சை பெற்றார். வயதில் ஆவுடையப்பன்தான் மூத்தவர்.

ஒரு சாயங்காலம் ஆவுடையப்பன் அம்மையிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

“வாசலில் ஒரு கணவனும் மனைவியும் வந்து நிற்கிறார்கள், அம்மா.”

“உள்ளே அழையுங்கள்.”

“வந்திருப்பவர் திருமலைக்கொழுந்து. இந்த நிலத்தைக் கொடுத்த ஜமீன்தாரின் பேரன். எல்லாம் போய்விட்டது. அந்த அம்மாளுக்குக் கண் தெரியவில்லை. கணவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள்.”

“அதற்கென்ன?”

“அவர்களை எப்படிப் பிரித்து வைப்பது? தானியக் கொட்டடியை ஒழித்து இருவரையும் அங்கே இருக்கச் சொல்லலாமா?”

அம்மை கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இதற்கு முன் யாரும் இப்படிச் சேர்ந்து வந்ததில்லையா?”

“வந்திருக்கிறார்கள், அம்மா. கடைசியாகச் சுடலியும் அவள் புருஷனும் வந்தார்கள். அவன் போன ஐப்பசியில் இறந்துவிட்டான்.”

“அவர்களுக்கு விதியைச் சொன்னது யார்?”

“நான்தான்.”

“அப்படியானால் சுடலியிடம் போய்க் கேளுங்கள். அவள் சரி என்றால் கொட்டடியை ஒழியுங்கள்.”

ஆவுடையப்பன் தயங்கினார். பண்ணையில் அவர் யாரிடமும் அனுமதி கேட்டவர் அல்லர். ஆனாலும் போனார்.

சுடலி களத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழப்போனாள்.

“உட்காரு. ஒன்று கேட்க வந்தேன்.”

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இதுக்கு எதுக்கய்யா என்கிட்ட வந்திய? சேத்து வையுங்க. கண்ணு தெரியாத பொம்பள, அவுக இல்லாம எங்க போவா?”

“உன்னைச் சேர்த்து வைக்கவில்லையே, சுடலி.”

அவள் கம்பிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள்.

“எங்க வீட்டுக்காரவுக இருமுறது சுவருக்கு மேலகூடி எனக்குக் கேக்கும். அத வச்சுத்தான் எப்படி இருக்காகன்னு தெரிஞ்சுக்குவேன். அன்னிக்கு விடியக்காலம் இருமல் நின்னுட்டு. இன்னிக்காவது நல்லாத் தூங்குறாகன்னு நினைச்சேன். அந்த நினைப்புல நானும் கொஞ்சம் அசந்து தூங்கிட்டேன்யா.”

மறுபடியும் சுளகை எடுத்துப் புடைக்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

அன்று திருமலைக்கொழுந்தும் அவர் மனைவியும் கொட்டடியில் ஒரே பாயில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். அவர் கிண்ணத்தை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, அவள் விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ளும்வரை தன் கையை எடுக்காமல் இருந்தார். ஆவுடையப்பன் வாசலில் நின்று பார்த்தார்.

காலையில் அம்மை கிணற்றடியில் இருந்தார். ஆவுடையப்பன் கடப்பாரையோடு போய் நின்றார்.

“என்ன, ஐயா?”

“ஜமீன் பெரியவர் நல்லதை எண்ணித்தானே விதி செய்தார், அம்மா?”

“ஆமாம்.”

“நானும் நல்லதை எண்ணித்தான் அதைக் காத்தேன்.”

“ஆமாம்.”

“பிறகு ஏன் எனக்கு நெஞ்சு இப்படிக் கிடந்து வேகிறது?”

அம்மை அவர் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தார்.

“சுவரை இடிக்கிறேன், அம்மா. உத்தரவு கொடுங்கள்.”

“இடியுங்கள்.”

“ஆண்கள் பக்கம் இடம் தாராளம். அங்கிருந்து தொடங்கட்டுமா?”

“வேண்டாம்,” என்றார் அம்மை. “சுடலி படுத்திருந்த பக்கமிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து அந்தச் சுவரை நீங்கள் பார்த்ததே இல்லை.”