வெந்நீர்க்காரி கேட்ட வைக்கோல்

மலைமேல் ஒரு ஜமீன்தார் இருந்தார். அவருக்குக் குளிக்க வெந்நீர் போடுகிறவள் காத்தாயி. வெயிலடித்தால் அவள் ஊர்க் கண்மாய் தூரத்துச் சமவெளியில் தகடு மாதிரி மின்னும். அங்கேதான் அவள் மகள் இருந்தாள். தவழும்போது விட்டுவந்த பிள்ளை, இப்போது ஓடுமே என்று நினைத்தால் காத்தாயிக்குப் புகையில்லாமலே கண் கலங்கும்.

"சாமி, ஒருதரம் ஊருக்குப் போகணும்."

ஜமீன்தார் மீசையை முறுக்கினார். "நான் எப்ப வந்தாலும் வெந்நீர் இறக்கின சூட்டிலேயே இருக்கணும். எள்ளளவும் ஆறக்கூடாது. அப்படிச் செஞ்சிட்டு ஊருக்குப் போ. அண்டாவைச் சுத்தி வேணும்கிற வைக்கோலைக் கட்டிக்கோ. அதுக்கு எங்க போகணுமோ போ, இது என் வாக்கு."

நாலு நாள் கழித்துச் சபையில் வந்து நின்றாள் காத்தாயி.

"அண்டாவைச் சுத்தி ஒரு விரல் கனம் கட்டினேன், நாலு நாழிகையில ஆறுச்சு. ரெண்டு விரலுக்கு எட்டு நாழிகை. நாலு விரலுக்குப் பதினாறு. கனம் கூடக்கூடச் சூடு மெதுவாப் போகுது சாமி, ஆனா போகாம நிக்கலை."

"இன்னும் அடுக்கு!"

"அடுக்குறேன். சுவரைத் தாண்டி, மலை இறங்கி, எங்க ஊர்ப்பக்கமா அடுக்கிக்கிட்டே போறேன். தினம் தண்ணியில கை வச்சுப் பாருங்க. துளிகூட ஆறலைன்னா ஆள் அனுப்புங்க, திரும்பிடறேன்."

சபை வாயைப் பொத்திச் சிரித்தது. கொடுத்த வாக்கு வாக்குதான்; ஜமீன்தார் போகவிட்டார்.

முதல் வைக்கோல் கட்டைத் தலையில் வைத்து இறங்கினவள், அதைக் கண்மாய்க் கரையில்தான் அவிழ்த்தாள். "நீங்க யாரு?" என்று கேட்ட பிள்ளையை அந்த வைக்கோல்மேல் உட்காரவைத்துச் சடை பின்னினாள்.

மலைமேல் வெந்நீர் இன்னும் ஆறிக்கொண்டுதான் இருக்கிறது.