பலகையில் ஆறு துளைகள்

"மேடம், எந்த நம்பர்ல காலை வைக்கறது?"

பன்னிரண்டு நாளாக இதே கேள்வி.

தணிகாசலம் தீயணைப்புக்காரர். வயது நாற்பத்து நான்கு. போன வெள்ளத்தில் மற்றவர்கள் படகில் போக, இவர் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. சனிக்கிழமை மீட்புப் படகுக்கு ஆள் எடுக்கிறார்கள். சறுக்கும் இருக்கையில் உட்கார்ந்து துடுப்பு வலிக்கும் மிஷினில் இரண்டாயிரம் மீட்டர், எட்டரை நிமிடத்துக்குள். தவறினால் அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு ஆயுசுக்கும் கயிறுதான்.

மிஷினில் பாதம் வைக்கும் பலகையில் ஆறு துளைகள், ஆறு எண்கள். பலகையை ஏற்றி இறக்கி மாட்டினால், பாதத்தின் மேல் வார் விழும் இடம் மாறும். மனிதர் ஆறையும் பார்த்துவிட்டார், இரண்டு சுற்று. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிற ஆள்.

பயிற்சி தரும் ரெஜினா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். பதில் சொல்வதில் மகா கஞ்சம்.

"நேத்து மூணு சரியா இருந்துச்சு. இன்னிக்கு கணுக்கால் வலிக்குது. எங்க ஸ்டேஷன் லாரன்ஸ் போன வருஷம் அஞ்சுல வெச்சுதான் பாஸ் பண்ணானாம்."

"லாரன்ஸ் காலைக் கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

"வெளையாடாதீங்க மேடம். நாலே நாள்தான் இருக்கு."

ரெஜினா எழுந்துபோய் எண்களின் மேல் பிளாஸ்டர் ஒட்டினாள். தணிகாசலத்துக்கு ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

"மாடிப்படி ஏறுங்க."

"எதுக்கு?"

"ஏறுங்க சார்."

இரண்டிரண்டு படியாகத் தாவினார்.

"ஒண்ணொண்ணா."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினார்.

"நில்லுங்க!"

முன்கால் மேல் படியில். பின்கால் குதிகாலைத் தூக்கியபடி கீழ்ப் படியில். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றார். ரெஜினா குனிந்து, ஷூ மடிந்திருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். இன்னொரு ஷூவிலும் அதே இடத்தில் ஒரு கோடு.

"இந்தக் கோட்டு மேல வார் வர்ற மாதிரி மாட்டுங்க."

மாட்டி இழுத்தார். முன்னால் போகும்போது குதிகால் தானாக எழுந்தது. பின்னால் தள்ளும்போது தானாக அமர்ந்தது. எட்டு நிமிடம் இருபத்தெட்டு நொடி.

"ஐயோ, வந்துடுச்சு! இது எந்த நம்பர் மேடம்?"

நகத்தால் பிளாஸ்டரைச் சுரண்டப் போனார். கையில் ஒரு அடி விழுந்தது.

சனிக்கிழமை தேர்வு நடந்த மண்டபத்தில் இருந்தது வேறு மாதிரி மிஷின். பலகையில் ஒன்பது துளைகள், எண்ணே கிடையாது. போதாததற்கு, எல்லோரும் இலாகா தந்த புது கேன்வாஸ் ஷூவைத்தான் போட வேண்டும் என்றார்கள்.

தணிகாசலம் வரிசையை விட்டு விலகினார். ஓரமாகப் போய் போன் போட்டார்.

"மேடம், நம்பரும் இல்ல, கோடும் இல்ல!"

"கால் இருக்குல்ல?"

வைத்துவிட்டாள்.

"அடுத்தது, தணிகாசலம்!"

அவர் மிஷினுக்கு ஓடவில்லை. நின்ற இடத்திலேயே ஒரு குதிகாலை மெல்லத் தூக்கி, ஷூ எங்கே மடிகிறது என்று குனிந்து பார்த்தார்.