ஊக்கு வைத்த ஒலிபெருக்கி

சீடருக்கு வயது எழுபத்தொன்று. ஆசானுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

சீடரின் பெயர் மாசிலாமணி. ஊரில் எல்லோருக்கும் தோழர். துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்தைக் கற்றவர், தெருமுனைகளில் நின்றே வயதானவர். ஆசானின் பெயர் ரெஜினா. வார நாட்களில் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆசான்.

மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையின் சைக்கிள் ஸ்டாண்டில் ஞாயிறுதோறும் சிலர் கூடுவார்கள். அது கடை அல்ல. அவரவர் வீட்டில் கெட்டுப்போனதை, அவரவருக்குத் தேவைப்பட்டதை அங்கே வைத்துச் செய்துகொள்வார்கள். ஒருவர் சைக்கிள் செயினை வைத்துக் கிணற்று ராட்டினம் செய்தார். ஆட்டோ ஓட்டும் காஜா, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய காற்றாடியைத் தன் ஆட்டோவின் கூரையில் பொருத்தியிருந்தான். தெரியாததை ரெஜினாவிடம் கேட்பார்கள். பாதி நேரம் அவள் பதில் சொல்லமாட்டாள். கையில் எதையாவது கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பொருளைத் திறந்தாலும், கடைசித் திருகாணி கழன்றவுடன் கையை உள்ளே விடக் கூடாது. முன்பு உள்ளே போன கை என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்து, வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும். பிறகுதான் ஸ்க்ரூடிரைவர்.

மாசிலாமணி ஒரு தகரப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பழைய ஒலிபெருக்கி. பெட்டியோடு ஒரு மைக், ஒரு குழாய் ஸ்பீக்கர், தேய்ந்துபோன தோள்வார்.

"என்ன வேணும் தோழரே?" என்றாள் ரெஜினா.

"வீட்டம்மாவுக்குக் குரல் வேணும்."

அவர் மனைவி பொற்கொடிக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. உயிர் தங்கியது. குரல் தங்கவில்லை. பேசினால் மூச்சு மட்டும் வந்தது. அந்த மூச்சைக் கேட்க மாசிலாமணியின் காதுகளால் முடியவில்லை. குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவை மந்தமாகியிருந்தன.

"ஆரம்பத்துல சத்தமில்லாமலேயாவது திட்டிக்கிட்டு இருந்தா," என்றார். "இப்ப உதட்டைக்கூட அசைக்கிறதில்ல. தட்டைக் கரண்டியால தட்டுறா. நான் திரும்பிப் பார்த்தா, எது வேணும்னு கையைக் காட்டுறா. வீட்ல மனுஷக் குரலே இல்லாமப் போச்சு."

"கழுத்துல மாட்டிக்கிற மைக் கடையிலேயே கிடைக்குதே," என்றான் காஜா. "டீச்சருங்க மாட்டிக்கிறாங்களே."

"வாங்கிக் கொடுத்தேன். அது குரலைத்தான் எடுக்குது, மூச்சை எடுக்க மாட்டேங்குது. இந்தப் பெட்டி அப்படியில்ல தம்பி. நான் மைக் முன்னாடி பெருமூச்சு விட்டா, கடைசி வரிசையில இருக்கிற போலீஸ்காரன் நிமிர்ந்து உட்காருவான்."

போட்டுப் பார்த்தார்கள். பெட்டி பாடியது. காஜா மைக்கில் மெல்ல ஊதினான்; கொட்டகைக் கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன.

"நல்லா இருக்கு," என்றாள் ரெஜினா. "ஆனா இந்தக் கனத்தை அந்தம்மா தூக்க முடியாது. உள்ளே இருக்கிறதை மட்டும் எடுத்து ஒரு டிபன் டப்பாவுக்குள்ள அடக்கணும். சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு என்கிட்ட இருக்கு. திறங்க."

மாசிலாமணி திறந்தார். உடனே விரல்களை உள்ளே விட்டார்.

"நன்றி சொல்லுங்க."

"யாருக்கு?"

"உங்களுக்கு முன்னாடி இதைத் திறந்தவங்களுக்கு."

"சாமிக்கே கும்பிடு போடாதவன் நான். தகரத்துக்குப் போடணுமா?"

"தகரத்துக்கு இல்ல. கைக்கு."

"எந்தக் கைக்கு? ஆள் யாருன்னே தெரியாம எப்படிம்மா நன்றி சொல்றது?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே பேசினார். பேசத் தொடங்கினால் நிறுத்துவது அவருக்கு வழக்கமில்லை.

"எங்க தெருவுக்குக் குழாய் வந்தது எப்படின்னு யாருக்காவது தெரியுமா? நான் மறியல் பண்ணினேன். தலையில தையல் போட்டாங்க, ஜெயில்ல வெச்சாங்க. திறப்பு விழாவுல மாலை வாங்கினவன் வேற ஆளு. இன்னைக்கு அந்தக் குழாயைத் திறக்கிற எவனாவது என்னை நினைக்கிறானா? எனக்கு வராத நன்றியை நான் எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்லணும்?"

"அந்தக் குழாய்ல நீங்களும் தண்ணி பிடிக்கிறீங்களா?" என்றாள் ரெஜினா.

"பிடிக்காம?"

"அது ஒழுகினப்ப வாஷர் மாத்தினது யாரு?"

மாசிலாமணி யோசித்தார். "யாரோ."

ரெஜினா ஓர் அலுமினியத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள்.

"வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்க. கழற்றுறது எதுவா இருந்தாலும் இந்தத் தட்டுல வைங்க. குப்பையில போட்டுடாதீங்க."

கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அவருக்குக் கோபம். பெட்டியையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு தலை குனிந்து வந்தார். பெட்டி செத்துவிட்டது. சிறு இரைச்சல்கூட இல்லை.

"என்ன செஞ்சீங்க?"

"சுத்தம் செஞ்சேன். வேற ஒண்ணும் செய்யலை."

"எதைச் சுத்தம் செஞ்சீங்க?"

"உள்ளே பூரா அசிங்கம்மா! பேட்டரி வைக்கிற இடத்துல ஸ்பிரிங்குக்குப் பதிலா ஊக்கைக் குத்தி வெச்சிருந்தான். கம்பியை எல்லாம் நூலால கட்டி, மேல மெழுகு ஊத்தியிருந்தான். நடுவுல ஒரு செருப்பு ரப்பர், துணிக் கிழிசல். எவனோ அரைகுறை வேலைக்காரன். எல்லாத்தையும் களையெடுத்தேன். பழசைத் துடைச்சு எடுத்தாத்தானே புதுசு நிக்கும்?"

"நின்னுதா?" என்றான் காஜா.

"நீ சும்மா இருடா."

ரெஜினா பெட்டிக்குள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இதை எந்தக் கடையில ரிப்பேருக்குக் கொடுப்பீங்க?"

"கடையா?" மாசிலாமணியின் தலை நிமிர்ந்தது. "கடை வாசலையே மிதிச்சதில்ல இது. ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. மழையில நனைஞ்சிருக்கு. லத்தி பட்டுச் சாக்கடையில விழுந்திருக்கு. ஒரு தடவை மாட்டு வண்டியே ஏறிச்சு. வீட்டு மூலையில வைப்பேன். அடுத்த கூட்டத்துக்கு எடுத்தாப் பாடும். அந்தக் காலத்துச் சரக்குன்னா சும்மாவா?"

சொல்லி முடித்தபோது சைக்கிள் ஸ்டாண்டில் எல்லோரும் கையிலிருந்த வேலையை நிறுத்தியிருந்தார்கள். மாசிலாமணிக்கு மட்டும் ஏன் என்று விளங்கவில்லை.

"தட்டைக் கொண்டு வந்தீங்களா?"

கொண்டுவந்திருந்தார். ரெஜினா ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தாள். துருப்பிடித்த ஊக்கு. பெண்பிள்ளைச் செருப்பின் ரப்பர். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி. கடைசியாக, அறுத்தெடுத்த நூல் கட்டு ஒன்று. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்த முடிச்சைப் பாருங்க. கம்பியைச் சுத்தி, சுத்தினதுக்குள்ளேயே ஊசியை விட்டு இழுத்து, அடியில ஒரு சுழி. எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

ரெஜினா அவர் சட்டையைப் பார்த்தாள்.

மாசிலாமணியும் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். மேலிருந்து இரண்டாவது பொத்தான். துணியைவிட்டுச் சற்றுத் தூக்கி, நூலைச் சுற்றி, சுற்றினதுக்குள் ஊசியை விட்டு இழுத்து, அடியில் ஒரு சுழி. அதற்கடுத்த பொத்தானும் அப்படியே. எந்தக் கைகலப்பிலும் அவர் சட்டையில் பொத்தான் தெறித்ததில்லை. அதையும் அவர் துணியின் உறுதி என்று நினைத்திருந்தார்.

"என்னால இதைத் திரும்பச் சேர்க்க முடியாது," என்றாள் ரெஜினா. "எது எங்கே இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. செஞ்சவங்களுக்குத்தான் தெரியும்."

வீட்டில் பொற்கொடி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாசிலாமணி தட்டை அவள் முன் வைத்தார்.

அவள் ஊக்கை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரித்தாள்.

"நீதானா?"

தலையாட்டினாள்.

"எப்ப செஞ்ச? நான் எங்கே இருந்தேன்?"

பல நாட்களுக்குப் பிறகு அவள் உதடுகள் அசைந்தன. அசைந்துகொண்டே இருந்தன. ஊக்கைக் காட்டினாள், கதவைக் காட்டினாள், மழையைப் போல் விரல்களை இறக்கினாள், ஏதோ ஓரிடத்தில் மறுபடி சிரித்தாள். எல்லாவற்றையும் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. அவள் வாயருகே காதைக் கொண்டுபோனார். சூடான மூச்சு பட்டது. ஒரு சொல்கூட விழவில்லை.

"கேட்கலை," என்றார். "பொற்கொடி, எனக்குக் கேட்கலை."

அவள் நிறுத்திவிட்டாள். முறத்தை இழுத்து மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள்.

அதற்கடுத்த ஞாயிறு இருவரும் வந்தார்கள். காஜா தன் ஆட்டோவில் அழைத்துவந்தான்.

பெட்டி பலகைமீது திறந்து கிடந்தது. மாசிலாமணி அதன் முன் நின்றார். பொதுக்கூட்டங்களில் எத்தனையோ தலைவர்களுக்கு மாலை போட்ட கைகள், எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தொங்கின. பிறகு அவை குவிந்தன.

"நன்றி," என்றார், பெட்டிக்குள் பார்த்து.

பொற்கொடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வேலை தொடங்கியது. ரெஜினா சூட்டுக்கோலால் ஈயம் வைத்தாள். வைக்க முடியாத இடங்களில் பொற்கொடி நூலைக் கோத்துக் கட்டினாள். சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, எது எங்கே என்று அவள் விரல்கள் தாமாகவே போயின. ஊக்கு மட்டும் துருவேறி உடைந்துபோயிருந்தது. தன் புடவைத் தலைப்பிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள்.

மாசிலாமணிக்குக் கொடுத்த வேலை, விளக்கைப் பிடிப்பது. பிடித்தார். ஒரு சொல்கூடப் பேசவில்லை. காஜா இரண்டு முறை அவரைத் தொட்டுப் பார்த்தான்.

"என்னடா?"

"இல்ல தோழரே, இருக்கீங்களான்னு பார்த்தேன்."

எல்லாம் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் அடங்கியது. உடைந்த குடையின் கம்பியை வளைத்து, காதில் மாட்டும்படி செய்து, அதன் முனையில் மைக்கைப் பொருத்தினார்கள். அது பொற்கொடியின் உதட்டோரம் வந்து நின்றது. தகரப் பெட்டியின் தோள்வாரை மாசிலாமணியே கழற்றி டப்பாவில் மாட்டினார். அந்த வார் அவர் தோளில் ஒரு தழும்பு போட்டிருந்தது.

ரெஜினா சுவிட்சைப் போட்டாள்.

ஓவென்று ஒரு கூவல். எல்லோரும் காதைப் பொத்தினார்கள். ரெஜினா கம்பியை நோக்கிக் கை நீட்டினாள். அதற்குள் பொற்கொடி, மார்பின்மேல் இருந்த டப்பாவை இழுத்து முதுகுப் பக்கம் தள்ளினாள். கூவல் நின்றது.

"அட!" என்றான் காஜா. "மைக்கும் ஸ்பீக்கரும் முகம் பார்க்கக் கூடாதுன்னு இவங்களுக்கு யார் சொன்னது?"

ஒவ்வொரு கூட்டத்திலும் மாசிலாமணி பேச எழுந்ததும் யாரோ ஓடிவந்து ஸ்பீக்கரைத் திருப்பி வைப்பார்கள். அது யாரோ ஒரு தொண்டர் என்று அவர் நினைத்திருந்தார்.

பொற்கொடி மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு முதுகுப் பக்கமிருந்து வெளியே வந்தது. எல்லோருக்கும் கேட்டது. மாசிலாமணிக்கும் கேட்டது.

அவர் முகம் என்னவோ ஆயிற்று. துண்டால் துடைத்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். ஓரடி முன்னே வந்து, மேடையில் நிற்பதுபோல் நின்று, தொண்டையைச் செருமினார்.

"தோழர்களே..."

எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்த சொல் வரவில்லை. மணிக்கணக்கில் பேசியவர். மழையிலும் தடியடியிலும் பேசியவர். வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில் ரெஜினாவின் பக்கம் திரும்பினார்.

"ஆசானே, அன்னைக்கு ஆள் தெரியலைன்னு கேட்டேன். இன்னைக்கு ஆள் எதிர்ல நிக்குது. எனக்கு வார்த்தை வர மாட்டேங்குது. என்ன சொல்லி நான் நன்றி சொல்றது?"

ரெஜினா ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க பேசாதீங்க தோழரே. உட்காருங்க. மைக் அவங்ககிட்ட இருக்கு."