மிளகின் இழுப்பு

"மேடம், இழுப்பு குறையுது."

ஆவுடையப்பன் அளவு நோட்டை நீட்டினார்.

ஜெசிந்தா மேடம் டீயை ஊதிக்கொண்டே நிமிர்ந்தார். ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் குரு அவர்தான்.

"எதோட இழுப்பு, அண்ணே?"

"நம்ம குண்டோடதுதான்."

மிளகளவு தங்கக் குண்டுகள் இரண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று முடியைவிட மெல்லிய இழையில் தொங்கும். மற்றதை அதன் பக்கத்தில் கொண்டுபோனால், தொங்குவது துளி அசையும். பூமி நம்மை இழுக்கிற மாதிரி, மிளகும் மிளகை இழுக்கும். அந்தத் துளி அசைவை அளக்கத்தான் ஆவுடையப்பன் மூன்று வருஷமாய்க் கண் பூத்துக் கிடந்தார்.

"மூணு நாள் முன்னாடி திடீர்னு ஏறுச்சு மேடம். நானும் சந்தோஷப்பட்டேன். அதுலேருந்து தினம் இறங்குது. தங்கம் இளைக்குமா? தராசுதான் கெட்டுப்போச்சு. இன்னைக்கு இதைச் சோதிக்கக் கமிட்டி வருது, பிரிச்சுப் போட்டுருவாங்க."

"அன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

"நானா? ஆயுத பூஜை, லீவு."

"வீட்லயா இருந்தீங்க?"

ஆவுடையப்பனின் பார்வை கண்ணாடிப் பெட்டிக்குப் போனது.

மேடம் எழுந்துபோய் லென்ஸை வைத்துப் பார்த்தார். தொங்காத குண்டின் முதுகில் ஊசிமுனையளவு சந்தனம்.

"அண்ணே!"

"பல்குச்சி நுனியாலதான் வச்சேன் மேடம். எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சாச்சு. இதை மட்டும் மொட்டையா விட மனசு வரல."

"நல்ல மனசு."

"துடைச்சுடறேன். யாருக்கும் தெரியாது."

"கையை எடுங்க. வைக்கும்போது ஈரமா இருந்துச்சா?"

"ஆமா. குழைச்ச சந்தனம்தானே."

"இப்போ?"

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். பொட்டு காய்ந்து வெளுத்திருந்தது.

நோட்டைப் பார்த்தார். முதல் நாள். இரண்டாம் நாள். மூன்றாம் நாள்.

மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மேடம்... அந்த ஈரம் காயறதைக்கூடவா அளந்திருக்கு?"

"மூணு நாளா தராசு அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கு, பாவம். நீங்க கெட்டுப்போச்சுன்னு திட்டிக்கிட்டிருக்கீங்க."

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். ஆவுடையப்பன் பதறி எழுந்தார்.

"வந்துட்டாங்க மேடம்! பொட்டு வச்சேன்னு எப்படிச் சொல்ல? என்னத்தைச் சொல்ல?"

மேடம் பக்கத்து ரூம் பூஜைத் தட்டிலிருந்து மிச்சச் சந்தனத்தை எடுத்துவந்தார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். ஒரு பல்குச்சியோடு ஆவுடையப்பனிடம் நீட்டினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், அண்ணே, தராசே சொல்லிடும். அவங்க கண் முன்னாடியே இன்னொரு பொட்டு வைங்க."