கேத வீட்டுத் தட்டு

நுரையீரல் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்து ஓய்வு பெற்ற ஞானசிகாமணி, தன் மகள் வயதுள்ள டாக்டர் ஃபர்சானாவின் புகைப்பழக்கம் விடவைக்கும் சிறிய கிளினிக்கில் மாணவராகச் சேர்ந்திருந்தார். கெட்டுப்போன நுரையீரலை வெட்டி எடுக்க அவருக்குத் தெரியும். இங்கே வருகிறவர்கள் எப்படிச் சிகரெட்டை விடுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

"என்ன சொல்லி விட வைக்கிறீங்க டாக்டர்?"

ஃபர்சானா அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்.

லேத் பட்டறை செல்லத்துரை வந்தார். உட்காரவில்லை.

"போச்சும்மா. சிகரெட் குடிச்சிட்டேன்."

ஞானசிகாமணி முந்திக்கொண்டார். "மக பிரசவத்துக்கு வந்திருக்கா, குழந்தை பிறக்கிறதுக்குள்ள விட்டுடுவேன்னு சொன்னீங்களே. இத்தனை நாள் இருந்ததெல்லாம் வீண். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"நானும் அதத்தான் நெனச்சேன் ஐயா. எனக்கு இது ஆவாது. அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு நின்னுக்கலாம்னு வந்தேன்."

"உட்காருங்கண்ணே," என்றார் ஃபர்சானா. "எங்க வச்சு?"

அவர் நின்றபடியே சொன்னார். "எங்க அத்தான், அக்கா வீட்டுக்காரரு தவறிட்டாவ. கேதத்துக்குப் போயிருந்தேன். ராத்திரி முழிச்சிருக்கவங்களுக்குத் தட்டுல வெத்தல, பீடி, சிகரெட்டுன்னு வைப்பாங்கல்லா? மொத சுத்துல கை தானா போயிட்டு."

"சிகரெட் ஆசை வந்தா மெல்லச் சொல்லி நான் குடுத்த சூயிங்கம்?"

"கேத வீட்ல வாய மென்னுக்கிட்டு இருந்தா நல்லாருக்காதுன்னு எடுத்துட்டுப் போவல."

"அங்க யாரும் வெத்தல மெல்லலையா?"

செல்லத்துரை யோசித்தார். "எல்லாரும் மென்னாங்கம்மா."

ஞானசிகாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"தட்டு மறுபடி வந்துச்சா?" என்றார் ஃபர்சானா.

"விடிய விடிய சுத்துச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"பக்கத்துல வந்தாலே எந்திரிச்சு, எல்லாருக்கும் காப்பி ஊத்தப் போயிட்டேன். 'என்னல, ஒங்க டாக்டரம்மா இங்கயும் வந்து நிக்காவளா'ன்னு சித்தப்பா மவன் கேலி பண்ணான். அக்காதான் பாவம், தம்பிக்குப் பொறுப்பு வந்துட்டுன்னு அழுகைக்கு நடுவுல சொன்னா."

"காரியம் என்னைக்கு?"

"வர்ற ஞாயித்துக்கெழம."

"அன்னைக்கும் தட்டு இருக்கும்."

"இருக்கும்."

"காப்பி யாரு ஊத்துவா?"

செல்லத்துரை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா ஊத்தணும்."

"சூயிங்கம் பையில இருக்கட்டும். திங்கக்கிழமை வந்து அக்கா எப்படி இருக்காங்கன்னு சொல்லுங்க."

அவர் போன பிறகு ஞானசிகாமணி கேட்டார்: "அந்த ஒரு சிகரெட்டைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

"அதைப் பத்தி அவருக்கு எல்லாம் தெரியும் சார். விடிய விடிய வந்த மத்த சிகரெட்டையெல்லாம் வேண்டாம்னு விட்டதுதான் அவருக்குத் தெரியாம இருந்துச்சு."