ஊமைப்பள்ளத்துக்குக் கறி சுமந்தவள்

உச்சிவெயில் நேரம். செம்பி என்ற பெண் செந்நாய் வயிறு நிறையக் கறியோடு ஊமைப்பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தாள். செந்நாயைப் போய் ‘அவள்’ என்கிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள். பெற்றவளை ‘அது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கறி அவளுக்கு அல்ல. செந்நாய்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வேட்டைக்குப் போனவர்கள் வயிற்றிலேயே கறியைச் சுமந்து வருவார்கள். குகையில் இருக்கும் குட்டிகளுக்கும், அடிபட்டு முடங்கியவர்களுக்கும் அதைக் கக்கி ஊட்டுவார்கள். நமக்குக் குமட்டும். அவர்களுக்கு அதுதான் பாசம்!

ஆனால் செம்பி ஊட்டப் போனது குட்டிக்கு அல்ல. அவளைவிட உயரமாக வளர்ந்துவிட்ட மகன் துடியனுக்கு.

ஊமைப்பள்ளத்தின் நடுவில் ஒரு வெள்ளை மரம் இருந்தது. பட்டையைக் கீறினால் கறுப்பாகப் பால் வடியும். ஒரு தடவை நக்கினால் வலி தெரியாது. இரண்டாம் தடவை நக்கினால் பசி தெரியாது. மூன்றாம் தடவைக்குப் பிறகு வீடு இருக்கும் திசையே தெரியாது. கடமான் உதைத்து விலா வீங்கியபோது, ‘வலிக்குக் கொஞ்சம்’ என்றுதான் துடியன் முதலில் நக்கினான். இப்போது விலா ஆறிவிட்டது. அவன் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்தப் பள்ளத்தில் பறவை கூவாது. சில்வண்டுகூடக் கத்தாது. மரத்தைச் சுற்றி விலங்குகள் அசையாமல் நின்றன. ஒரு புள்ளிமான், அதன்மேல் சாய்ந்தபடி துடியன், அவன் காலடியில் ஒரு முயல். மான் செந்நாயைக் கண்டு ஓடவில்லை. செந்நாய்க்கு மானைக் கண்டு நாக்கில் நீர் ஊறவில்லை. எல்லாக் கண்களும் திறந்திருந்தன. ஒன்றுகூட எதையும் பார்க்கவில்லை. தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனாலும் செம்பிக்குத் தினமும் முதுகு சிலிர்த்தது.

“துடியா, வாயைத் திற!”

அவன் பால்குட்டி போல வாயைத் திறந்தான். செம்பி ஊட்டினாள்.

“வீட்டுக்கு வாடா, ராசா.”

“நாளைக்கு வர்றேம்மா!”

“நேத்தும் இதையேதானே சொன்னே?”

“நாளைக்குக் கண்டிப்பா வர்றேம்மா!”

செம்பி திரும்பிப் பத்தடி நடந்தாள். “நாளைக்கு வர்றேம்மா! நாளைக்கு வர்றேம்மா!” என்று பின்னால் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவன் மரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். செம்பிக்கு அழுகை வந்தது.

“என்னக்கா, கிளம்பிட்டீங்களா? என்னைக்கும் போல நேரத்துக்கு வந்து ஊட்டிட்டீங்க!”

மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கழுதைப்புலி வந்தது. நகத்தால் பட்டையைப் புதிதாகக் கீறிவிட்டது. கறுப்புப் பால் வடிந்தது. அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பின.

“நேத்து இங்கே ஒரு காட்டுப்பன்னி நின்னுச்சே, எங்கே?” என்று கேட்டாள் செம்பி.

“போயிருச்சுக்கா.”

செம்பி மண்ணை மோந்து பார்த்தாள். ரத்த வாடை வீசியது. ஆனால் எலும்பு ஒன்றுகூட இல்லை. கழுதைப்புலிக்கு எலும்பும் பலகாரம் ஆயிற்றே!

“நீ தின்னுட்டியா?”

“ஐயோ, நான் யாரையும் கொல்ல மாட்டேன்! தானா விழுந்தாத்தான் தின்பேன். என்ன ஒண்ணு, இங்கே நிக்கிறவங்களுக்குப் பசியே தெரியாதா, விழும்போது வெறும் எலும்பும் தோலுமாத்தான் இருப்பாங்க. உங்க மகன் ஒருத்தன்தான் நல்லா சதை போட்டு நிக்கிறான். நீங்க புண்ணியவதிக்கா! ஒரு நாள்கூட ஊட்ட வராம இருந்துடாதீங்க!”

சொல்லிவிட்டுச் சிரித்தது. உண்மையைச் சொன்னாலும் இவள் ஊட்டுவதை நிறுத்தப்போவதில்லை என்று அதற்கு அவ்வளவு நம்பிக்கை. தாய்மார்களை அது நிறையப் பார்த்திருந்தது.

 செம்பி ஓடிப்போய் மகனின் பிடரியைக் கவ்வி இழுத்தாள். துடியன் சட்டென்று திரும்பி அவள் காதைக் கடித்துக் கிழித்தான்.

“ஊட்ட வந்தா ஊட்டிட்டுப் போ! என்னை இழுக்காதே!”

காதில் ரத்தம் சொட்டச் சொட்ட அவள் குகைக்குத் திரும்பினாள். கூட்டத்தின் தலைவி அவளுடைய அக்கா சுருளி. காயத்தை நக்கிவிட்டபடி சுருளி கேட்டாள்.

“இனி என்னடி செய்யப் போறே?”

“பள்ளத்துக்குக் கறி கொண்டு போக மாட்டேன்க்கா.”

“பட்டினியில செத்துட்டா?”

 செம்பி தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததும் அதே கேள்விதான். ஊட்டினால் அவன் மரத்தை விட்டு நகர மாட்டான். ஊட்டாவிட்டால் ஒருவேளை நகரவே முடியாமல் போய்விடும். எது சரி என்று சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் செய்தது தப்பு என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் அவள் பள்ளத்தின் விளிம்போடு நின்றுகொண்டாள். செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சீழ்க்கையை நீளமாக அடித்தாள்.

“துடியா! கறி இங்கே இருக்கு! நானும் இங்கேதான் நிக்கிறேன்! ஏறி வா!”

அவன் வரவில்லை. இரண்டாம் நாள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினான். மூன்றாம் நாள் திட்டவும் இல்லை. கழுதைப்புலிதான் அண்ணாந்து கத்தியது.

“பெத்த வயிறு பத்தி எரியலையாக்கா? ஒரு வாய் ஊட்டிட்டுப் போங்களேன்!”

எரிந்தது. எரியாமலா இருக்கும்? அன்று இருட்டும்வரை அவள் அங்கேயே நின்றாள். நான்காம் நாள் காலையில் துடியனின் முன்கால்கள் மடங்கின. பொத்தென்று விழுந்தான். பக்கத்தில் நின்ற மான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கழுதைப்புலி எழுந்து, அவசரமே இல்லாமல் அவனைச் சுற்றி வரத் தொடங்கியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

செம்பி சரிவில் பாய்ந்து இறங்கினாள்! மகனுக்கும் கழுதைப்புலிக்கும் நடுவில் போய் நின்று பல்லைக் காட்டினாள்.

“வந்துட்டீங்களா! எனக்குத் தெரியும்! ஊட்டுங்கக்கா, ஊட்டுங்க!”

“ஊட்ட வரலை. உன்னை விரட்ட வந்தேன்!”

அவள் சீழ்க்கை அடித்தாள். அன்று கூட்டத்தோடு விளிம்புவரை வந்திருந்த சுருளி மேலிருந்து பதில் அடித்தாள். அதன்பின் கூட்டமே அடித்தது. தலைக்கு மேலே பதினோரு செந்நாய்களைக் கண்ட கழுதைப்புலி வாலை இடுக்கிக்கொண்டு புதரில் பதுங்கியது.

“துடியா, கறி மேலே இருக்கு. தூக்கிட்டுப் போக என்னால ஆகாது. நீ எழுந்தா பக்கத்துலயே வருவேன். எழுந்திரு!”

“முடியலம்மா...”

“நாலு கால்ல முடியலேன்னா வயித்தால ஊர்ந்து வா!”

அவன் ஊர்ந்தான். மூன்று தடவை மரத்தைத் திரும்பிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் செம்பி அவன் கண்ணுக்கும் மரத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். அவன் விளிம்புக்கு ஏறி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதற்குப் பிறகு வந்த ஏழு நாட்கள்தான் செம்பிக்குப் பெரிய சோதனை. துடியன் குகைக்குள் நடுங்கினான். வாந்தி எடுத்தான். யாருடைய குரலிலோ பேசினான். பால் மறந்த வயதில் எப்படிக் கொஞ்சினானோ அதே குரலில், “அம்மா, ஒரே ஒரு நக்கு! உன் தங்கம் இல்லையா நான்?” என்று கெஞ்சினான். செம்பி வாசலை அடைத்துக்கொண்டு படுத்தாள். அவள் கண் அசந்தால் சுருளி படுத்தாள். கூட்டமே முறை வைத்துப் படுத்தது. ஒண்டியாக இதைச் செய்திருந்தால் இரண்டாம் நாளே செம்பி வழிவிட்டிருப்பாள். அதை அவளே பின்னாளில் ஒப்புக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் நண்பகல். துடியன் அவள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அப்போது தூரத்துப் பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“துடியா! வா! வா!”

அது துடியனின் குரல்! செம்பி பதறிப் போய் மகனைப் பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது. ஆனால் காதுகள் மட்டும் பள்ளத்தின் பக்கம் திரும்பியிருந்தன. தன்னை நக்கியவனை அவன் குரலிலேயே அந்த மரம் கூப்பிடுகிறது என்று செம்பிக்குப் புரிந்தது. அவள் தன் முன்காலை அவன் காதின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். குரல் ஓயும்வரை எடுக்கவில்லை.

ஏழு நாள் கழித்து அவன் எழுந்து தண்ணீர் குடித்தான். பத்தாம் நாள் வேட்டைக்குப் போனான். முப்பதாம் நாள் காணாமல் போனான்.

“போச்சு! எல்லாம் வீண்!” என்றாள் சுருளி.

 ஆனாலும் செம்பி கறி சுமக்கவில்லை. பள்ளத்தின் விளிம்புக்குப் போனாள். சீழ்க்கை அடித்தாள். கீழே கழுதைப்புலி இருந்தது. மரத்தோடு மரமாக மகனும் நின்றான். அவள் திரும்பத் திரும்ப அடித்தாள். வெயில் ஏறி இறங்கியது. தொண்டை வறண்டு, சீழ்க்கை வெறும் காற்றாகப் போனது.

அப்போது சரிவில் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. துடியன் தானாக ஏறி வந்துகொண்டிருந்தான். வாயோரம் கறுப்பாக இருந்தது. தாயின் முகத்தைப் பார்க்காமல் தலையைத் தொங்கப்போட்டான்.

“மறுபடியும் நக்கிட்டேம்மா.”

“தெரியும்டா. போன தடவை நான் இறங்கி வர வேண்டியிருந்துச்சு. இந்தத் தடவை நீயே ஏறிட்டே. நட, போகலாம்.”

இருவரும் நடந்தார்கள். பின்னால் பள்ளத்திலிருந்து அவன் குரலிலேயே மரம் அவனைக் கூப்பிட்டது. இருவருக்கும் அது கேட்டது. துடியனின் கால்கள் ஒரு கணம் நின்றன. செம்பி இழுக்கவில்லை, கடிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பிறகு அவனே ஓர் அடி எடுத்து வைத்தான், வீட்டைப் பார்த்து.

விழுந்த பிள்ளை விழுந்த இடத்திலேயே கிடப்பதற்கு உதவாதீர்கள். எழுந்து வருவதற்கு உதவுங்கள், அவன் எத்தனை தடவை விழுந்தாலும்!