பலவேசம் எரித்த இலைகள்

"இந்தத் தோட்டத்தை வேற யார்கிட்டயாவது ஒப்படைச்சிருங்க தாயி. இல்லேன்னா மருந்தடிக்க உத்தரவு குடுங்க" என்றார் பலவேசம்.

மடத்தில் தினமும் மத்தியானம் நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள். அந்தப் பந்திக்குக் காய் கொடுப்பது அவர் பொறுப்பு. மடத்துத் தலைவி உலகம்மை அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவருக்கு அவள் தாயிதான்.

அவரைக்காய்ப் பந்தல் முழுக்க இலைகளில் வெள்ளை வெள்ளையாகக் கோணல் கோடு. ஒரு பொடி ஈ இலையில் முட்டையிடும். பொரித்த புழு இலைக்குள்ளேயே தின்றுகொண்டு போகும். அது போன தடம்தான் அந்தக் கோடு.

விடிந்ததும் விடியாததுமாகப் பலவேசம் கோடு விழுந்த இலை ஒன்று விடாமல் கிள்ளி, குவித்துக் கொளுத்திவிடுவார். இரண்டு மாதமாக இதே வேலை. பந்தல் மொட்டையானதுதான் மிச்சம். ஈ குறைந்தபாடில்லை.

அன்றைக்குக் கிள்ளியதை மட்டும் எரிக்காமல் கொண்டுவரச் சொன்னாள் உலகம்மை. ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி அவரிடமே கொடுத்தாள்.

"இதுல என்ன வருதுன்னு பாருங்க அண்ணாச்சி. மருந்தை அப்புறம் பேசுவோம். அதுவரைக்கும் பந்தல் பக்கம் போகாதீங்க."

பயிர் சாகக் கிடக்கும்போது ஜாடியைக் காவல் காக்கச் சொல்கிறாளே என்று அவருக்கு எரிச்சலான எரிச்சல். பேச்சைத் தட்டவும் மனசில்லை.

பத்தாம் நாள் மூன்று ஈ வந்தது. நான் சொன்னது சரியாப் போச்சா என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் வந்தவை வேறு. கடுகில் பாதிகூட இருக்காது. கறுப்பு, வெயிலில் பச்சையாக மினுங்கின. எண்ணி மாளவில்லை.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"புதுசா ஒரு பூச்சி கிளம்பியிருக்கு தாயி."

"குளவிதான். பொடி ஜாதி" என்றாள் அவள்.

இலைக்குள் கிடக்கும் புழுவின் பக்கத்தில் தாய்க்குளவி முட்டையிடும் என்றும், அதன் குஞ்சு புழுவைத் தின்று அந்தக் கோட்டுக்குள்ளேயே வளரும் என்றும் சொன்னாள்.

தனக்கு ஒத்தாசைக்கு வந்தவர்களை இரண்டு மாதமாகப் பலவேசமே நெருப்பில் போட்டிருக்கிறார். அதுவும் நல்ல காரியம் செய்கிற நினைப்பில். வெட்கமாக இருந்தது. கண் கலங்கிவிட்டது.

பந்தலடியில் போய் உலகம்மை துணியை அவிழ்த்தாள். குளவிகள் பறந்தன. மூன்று ஈயும் கூடவே பறந்தது. அவள் தடுக்கவில்லை.

பலவேசம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே ஈ இருக்கிற இலையை மட்டும் கிள்ளுதேன். குளவி இருக்கிறதைத் தொடவே மாட்டேன். வெளியிலேர்ந்து பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறது தாயி?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

அவர் நம்பவில்லை. உங்களுக்கா தெரியாது என்றார்.

"குடிச்சிட்டு நீங்க இந்த வாசல்ல விழுந்து கிடந்தீங்களே, அன்னிக்கும் உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலை" என்றாள் உலகம்மை.